லண்டன் – பிரைட்டன் (வழி: புதுக்கோட்டை)

தர்மம் செய்வதற்கும் சைக்கிள் மிதிப்பதற்கும் என்ன சம்பந்தம்?

நான் பி.காம். படித்தவன். எனக்கு இந்தச் சந்தேகம் வந்ததில் ஆச்சரியமில்லை. ஒரு நல்ல காரியத்துக்கு நூறு ரூபாய் தரவேண்டுமா? கொடு. ரசீது வாங்கு. கணக்கு முடிந்தது. நடுவில் ஒரு மனுஷன் விடியற்காலையில் எழுந்து, உடம்பைக் கவ்விப் பிடிக்கும் டவுசரை மாட்டிக்கொண்டு, 54 மைல் மிதித்து, நாக்குத் தள்ளி, முட்டி வீங்கி... இந்த ஐட்டத்தைப் பேரேட்டில் எந்தத் தலைப்பில் எழுதுவது?

இங்கிலாந்தில் எழுதுகிறார்கள் சார்! வருஷா வருஷம் ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, லண்டன் கிளாப்பம் காமன் மைதானத்தில் ஆயிரக்கணக்கான பேர் சைக்கிளோடு கூடுகிறார்கள். 25 ஆயிரத்தைத் தாண்டிய வருஷங்களும் உண்டு. அங்கே புறப்பட்டால் பிரைட்டன் கடற்கரையில்தான் இறக்கம். 54 மைல், அதாவது 87 கிலோமீட்டர். புதுக்கோட்டையிலிருந்து திருச்சிக்குப் போய், 'அடடா, அடுப்பை அணைச்சோமா?' என்று சந்தேகம் வந்து, பாதிக்கு மேல் திரும்பி வருகிற தூரம்.

லண்டன்காரர்களுக்கு பிரைட்டன் மீது அப்படி ஒரு மோகம். 1869-லேயே ஜான் மேயால் என்கிற ஆசாமி, செயின் இல்லாத, மரச் சக்கரம் வைத்த 'வெலாசிபீட்' என்கிற ஆதிகாலத்து வண்டியில் இதே லண்டனிலிருந்து இதே பிரைட்டனுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார். இப்போது நடக்கிற தர்ம சவாரி 1976-ல் சின்னதாக ஆரம்பித்தது. 1980-லிருந்து வசூல் 'பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன்' என்கிற அமைப்புக்குப் போகிறது. இதய நோய் ஆராய்ச்சிக்காக 1961-ல் தொடங்கப்பட்ட அமைப்பு. இதுவரை சேர்ந்தது கோடிக்கணக்கான பவுண்டு.

2023 ஜூன் 18-ம் தேதி அந்தக் கூட்டத்தில் நானும் ஒரு நம்பரை மாட்டிக்கொண்டு நின்றேன். காரணம், என் அக்கா.

அக்கா லண்டனில் டூட்டிங் பக்கம் இருக்கிறாள். தெருவில் இறங்கினால் இட்லி, கொத்து ரொட்டி, முருங்கைக்காய், மல்லிகைப்பூ எல்லாம் கிடைக்கிற ஏரியா. ஒரு பள்ளிக்கூடத்தில் ஆபீஸ் வேலை. 2021 பிப்ரவரியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அத்தான் சமையலறையில் டீ போட்டுக்கொண்டே இருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். வயசு 47. சிகரெட் கிடையாது, தண்ணி கிடையாது. தெற்காசிய வம்சாவளிக்காரர்களுக்கு மாரடைப்பு அபாயம் அதிகம், மற்றவர்களைவிடச் சின்ன வயசிலேயே வருகிறது என்று டாக்டர்கள் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நாம்தான் அதை 'எங்க தாத்தா தொண்ணூறு வயசு இருந்தார்' என்கிற ஒரே வாக்கியத்தில் தள்ளுபடி செய்கிறோம்.

கொரோனா ஊரடங்குக் காலம் அது. இங்கிலாந்தில் இறுதிச் சடங்குக்கு 30 பேருக்கு மேல் கூடாது. நான் போகவே முடியவில்லை. புதுக்கோட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அம்மாவும் நானும் ஒரு செல்போனை வைத்துக்கொண்டு, மின்மயானத்திலிருந்து வந்த நேரலையைப் பார்த்தோம். நடுவில் இரண்டு தடவை படம் நின்று போனது. அக்காவின் முதுகு மட்டும்தான் தெரிந்தது.

ஆகவே, 2023 கோடையில் நான் லண்டன் போய் இறங்கியபோது, "வாடா... சைக்கிள் ஓட்டலாம்" என்று அவள் சொன்னதும், ஜெட் களைப்பில் காது சரியாகக் கேட்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

"யாரு?"

"நீயும் நானும். 54 மைலு. உன் பேரையும் சேத்துக் குடுத்திட்டேன். பணம் கட்டியாச்சு, திருப்பித் தரமாட்டாங்க."

கட்டிய பணம் திரும்பாது என்றால் ஒரு பி.காம்.காரன் எவரெஸ்ட் கூட ஏறுவான். இது அக்காவுக்குத் தெரியும்.

அக்காவுக்கு 43 வயசு. சைக்கிள் அவளுக்குப் புதுசில்லை. புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1991-ல் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்தார். கல் குவாரியில் வேலை பார்த்த பெண்கள், வயல் வேலைக்குப் போன பெண்கள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று லட்சம் பெண்கள் வரை சைக்கிள் பழகினார்கள். 1992 மகளிர் தினத்தன்று ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகரத்தில் ஊர்வலமாகப் போனது பெரிய சேதி. லேடீஸ் சைக்கிளைவிட ஜென்ட்ஸ் சைக்கிளுக்குத்தான் கிராக்கி. ஏன் தெரியுமா? முன்னால் பார் இருக்கும். அதில் பிள்ளையை உட்கார வைக்கலாம்.

அந்த லட்சத்தில் இரண்டு பேர் எங்கள் அம்மாவும், அப்போது பன்னிரண்டு வயசான அக்காவும். பாரில் உட்கார்ந்த பிள்ளை, அடியேன்.

*

இந்தச் சவாரியில் மிதிப்பது சின்ன வேலை. கேட்பதுதான் பெரிய வேலை. ஸ்பான்சர் பிடிக்க வேண்டும். 'நான் இத்தனை மைல் ஓட்டப் போகிறேன், நீங்கள் இந்த அமைப்புக்கு உங்களால் முடிந்ததைக் கொடுங்கள்' என்று தெரிந்தவர், தெரியாதவர், பக்கத்து வீடு, ஆபீஸ் என்று எல்லோரிடமும் கேட்க வேண்டும். இன்டர்நெட்டில் ஒரு பக்கம் ஆரம்பித்துக் கொடுத்துவிடுகிறார்கள். பணம் நேராக அமைப்புக்குப் போய்விடும். நம் கைக்கு வராது. இதில் கணக்குக்காரனுக்குப் பிடித்த ஒரு சமாசாரம் உண்டு. 'கிஃப்ட் எய்ட்' என்று பெயர். வருமான வரி கட்டுகிற பிரிட்டிஷ்காரர் ஒரு பவுண்டு கொடுத்து, ஒரு கட்டத்தில் டிக் அடித்தால், அரசாங்கம் அந்த வரியிலிருந்து இன்னும் 25 பென்ஸ் எடுத்து அமைப்புக்கே தந்துவிடுகிறது. நம் ஊர் 80-ஜி மாதிரிதான். ஆனால் அங்கே அனுகூலம் கொடுத்தவருக்கு, இங்கே வாங்கிய தர்மத்துக்கு. ஒரு டிக்குக்குக் கால் பங்கு லாபம்! எந்தப் பேங்க் தரும்?

அக்கா பள்ளிக்கூடத்தில் கேட்டாள். கொடுத்தார்கள். எனக்கு லண்டனில் யாரைத் தெரியும்? புதுக்கோட்டை நண்பர்கள் வாழ்த்து அனுப்பினார்கள். வாழ்த்துக்கு கிஃப்ட் எய்ட் கிடையாது. கடைசியில், அக்கா காய்கறி வாங்கும் யாழ்ப்பாணத்துக்காரர் கடைக்குப் போனேன். அறுபது வயசிருக்கும் அண்ணைக்கு. கல்லாவிலிருந்து கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"தம்பி, காசு குடுக்கிறதெண்டால் குடுக்கலாம்தானே? அதுக்கேன் சைக்கிள் ஓட வேணும்?"

என் சந்தேகம் அப்படியே அவர் வாயில்! நான் பதில் தேடிக்கொண்டிருந்தபோதே அவர் அடுத்ததைச் சொன்னார்.

"சரி. உங்கட அத்தான் கிழமைக்குக் கிழமை இங்கதான் முருங்கைக்காய் வாங்கினவர். இந்தாங்கோ இருபது பவுண். கடைசியில ஒரு மலை இருக்கெண்டு சொல்லுறாங்கள். அதில கால் வைக்காமல் ஏறினால் இன்னுமொரு இருபது."

இதற்குப் பிறகுதான் எனக்கு விஷயம் லேசாகப் புரிந்தது. நம் ஊரில் பழனிக்குக் காரில் போய்விட்டு வந்தேன் என்று சொல்லுங்கள், 'அப்படியா' என்பார்கள். செருப்பில்லாமல் நடந்தே போகிறேன் என்று சொல்லுங்கள்; ரோட்டோரத்தில் முன்பின் தெரியாதவன் மோர்ப்பந்தல் போட்டு, காலுக்கு எண்ணெய் கொடுத்து, 'எனக்கும் சேர்த்து வேண்டிக்குங்க' என்று காசு முடிந்து கொடுத்தனுப்புவான். வெள்ளைக்காரன் காவடி எடுப்பதில்லை. சைக்கிள் எடுக்கிறான்.

எனக்கு சைக்கிள்? பின்கட்டு ஷெட்டில் அத்தானுடையது இருந்தது. இரண்டு வருஷமாகக் காற்றில்லாமல், சிலந்தி குடியிருந்துகொண்டு. நான் துடைத்து, டியூப் மாற்றி, செயினுக்கு எண்ணெய் விட்டேன். அத்தான் ஆறடி. நான் அவர் தோளுக்கு இருப்பேன். சீட்டை இறக்கினால்தான் கால் எட்டும். ஸ்பானரை எடுத்தேன்.

"இருடா" என்றாள் அக்கா. உள்ளே போய் இன்சுலேஷன் டேப் கொண்டு வந்தாள். சீட்டுக் கம்பி இருந்த உயரத்தில் ஒரு சுற்று சுற்றினாள். "இப்ப இறக்கு. முடிஞ்சதும் இந்தக் கோட்டுக்கே ஏத்தி வச்சிரு."

யார் ஓட்டப்போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த மூன்று வாரம் ரிச்மண்ட் பூங்காவில் பயிற்சி. சுற்றி வந்தால் சுமார் 7 மைல். மான்கள் வேறு நடுவில் சாவகாசமாக ரோட்டைத் தாண்டும். நான் மூச்சு வாங்க நின்றால், 'போகலாமா?' என்று கேட்கிற மாதிரி என்னைப் பார்க்கும். அக்கா நிற்கமாட்டாள். அவளுக்கு ஒரே வேகம். மேடானாலும் பள்ளமானாலும், தண்ணிக் குடம் கட்டிய சைக்கிள் மாதிரி, சிந்தாமல் போகிற வேகம்.

சவாரிக்கு முந்தின ராத்திரி ஒரு அட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். யாருக்காக ஓட்டுகிறோம் என்று எழுதி முதுகில் மாட்டிக்கொள்வது அங்கே வழக்கம். அக்கா மார்க்கர் பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

ஒன்று சொல்ல வேண்டும். கல்யாணமாகி பதினெட்டு வருஷத்தில் அக்கா ஒரு தடவை கூட அத்தான் பெயரைச் சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில் அப்படித்தான். 'அவுக', 'என்னங்க', 'இவளோட அப்பா'... அவ்வளவுதான். லண்டனில் ஒவ்வொரு பாரமும் நிரப்பும்போது கவுன்ட்டரில் 'ஹஸ்பண்ட் பேரு?' என்றால் அக்கா எழுதிக் காட்டுவாள். அந்த ஊர் ஆட்கள் இவளுக்குப் பேச்சு வராதோ என்று நினைத்திருக்கக்கூடும்.

"இங்கிலீஷ்ல எழுதினா எல்லாரும் வாய்விட்டு வாசிப்பாங்கடா" என்றவள், தமிழில் எழுதினாள். வெறும் பெயர். பெரிய எழுத்தில். "இப்ப யாருக்கும் தெரியாது பாரு."

அந்தப் பெயரை இங்கே நான் எழுதவில்லை. ஆனால் அதில் ஒரு 'ழ' இருக்கிறது என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

*

காலை ஆறரை மணி. கிளாப்பம் காமன். ஒவ்வொருவருக்கும் ஒரு புறப்படும் நேரம் கொடுத்து, கும்பல் கும்பலாக அவிழ்த்து விடுகிறார்கள். எத்தனை ரகம்! ஆயிரக்கணக்கில் விலையுள்ள, ஒற்றை விரலால் தூக்கக்கூடிய சைக்கிள்கள். கூடை வைத்த பாட்டி சைக்கிள்கள். இரண்டு பேர் மிதிக்கிற டேண்டம். சூப்பர்மேன் உடுப்பில் ஒரு தொந்தி. அன்றைக்கு அங்கே தந்தையர் தினம். அப்பாவும் மகனும், அப்பாவும் மகளுமாக நிறையப் பேர்.

வெயில் வேறு. 2023 ஜூன், பிரிட்டனில் அதுவரை பதிவான ஜூன்களிலேயே மிக வெப்பமானது. ரொம்பப் பயந்துவிடாதீர்கள்... மாதச் சராசரி 15.8 டிகிரி. நம் ஊரில் அதற்கு மங்கி குல்லாய் போடுவோம். ஆனால் மிதிக்கிறவனுக்கு எல்லா ஊரும் வேலூர்தான்.

நான் அக்காவுக்குப் பின்னாலேயே போனேன். என் கண்ணுக்கு நேரே அந்த அட்டை. சுற்றிலும் மற்ற முதுகுகள். 'அப்பாவுக்காக', 'என் தங்கைக்காக', 'தாத்தா, 1941–2019'. ஒரு பையன் முதுகில் 'எனக்காக' என்று இருந்தது. பதினைந்து வயசு இருக்கும். பக்கத்தில் போன அவன் அம்மாவிடம் கேட்டேன். பிறந்த மூன்றாம் நாளே இதயத்தில் ஆபரேஷனாம். இப்போது என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தான்.

லண்டன் முடிகிற இடம் தெரிவதற்குள் சிப்ஸ்டெட் பக்கம் முதல் மேடு வந்தது. அங்கேதான் ஆரம்பித்தது.

"எக்ஸ்க்யூஸ் மீ... உங்க முதுகில் இருக்கிற எழுத்து ரொம்ப அழகு! என்ன மொழி?" என்றாள் ஒரு அம்மா, எங்களோடு சேர்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே.

"டமில்" என்றாள் அக்கா.

"என்ன எழுதியிருக்கு?"

"மை ஹஸ்பண்ட்."

"ஓ..." கொஞ்ச நேரம் சக்கரச் சத்தம் மட்டும். பிறகு, "எப்படி உச்சரிக்கணும்?"

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். "நீ சொல்லுடா."

சொன்னேன். அந்த அம்மா திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். அத்தான் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். 'ஃபார் யுவர் ஹஸ்பண்ட்' என்று கையை உயர்த்திவிட்டு முன்னால் போய்விட்டாள்.

இங்கிலீஷில் எழுதியிருந்தால் வாசித்துவிட்டுப் போயிருப்பார்கள். தமிழில் எழுதியதால் ஆளாளுக்கு நிறுத்தி விசாரிக்க ஆரம்பித்தார்கள்! கேட்விக் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒருத்தர். டர்னர்ஸ் ஹில் மேட்டில் இரண்டு பேர். ஒவ்வொரு தடவையும் அக்கா என்னைப் பார்ப்பாள், நான் அத்தான் பெயரைச் சொல்லுவேன். மதியத்துக்குள் சஸெக்ஸ் மாகாணத்தில் அத்தானுக்கு ஏகப்பட்ட சினேகிதர்கள்.

வழியெல்லாம் கிராமங்கள். கிராமத்து ஆட்கள் சாலையோரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கைதட்டுகிறார்கள். சாரணச் சிறுவர்கள், சர்ச்சுக்காரர்கள், பள்ளிக்கூடத்துப் பெற்றோர்கள் எல்லாம் மேஜை போட்டு டீயும் கேக்கும் விற்கிறார்கள். (மோர்ப்பந்தல்தான். ஆனால் காசு வாங்கிவிடுகிறார்கள். அதுவும் ஏதோ ஒரு நல்ல காரியத்துக்கு!) ஒரு கிராமத்தில் டீ குடித்துக்கொண்டே அந்தப் புகழ்பெற்ற சிவப்பு டெலிபோன் பூத் ஒன்றைப் பார்த்தேன். உள்ளே போன் இல்லை. ஒரு மஞ்சள் பெட்டி. நின்று போன இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுத்து ஓட வைக்கிற 'டிஃபிப்ரிலேட்டர்'. யாராவது விழுந்துவிட்டால் 999-க்கு போன் செய்தால் பெட்டி திறக்கிற எண்ணைச் சொல்லுவார்கள். பெட்டியே பேசி, என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித்தரும். செல்போன் வந்தபின் வேலையில்லாமல் போன பூத்துகளுக்கு பல கிராமங்களில் இப்படிப் புது உத்தியோகம். 1965-ல் பெல்ஃபாஸ்ட்டில் டாக்டர் ஃப்ராங்க் பாண்ட்ரிட்ஜ், ஆம்புலன்ஸில் எடுத்துப் போகிற மாதிரி முதன்முதலாக இதைச் செய்தபோது அதன் எடை 70 கிலோ. கார் பேட்டரியில் ஓடியது. இன்றைக்கு ஒரு டிபன் கேரியர் கனம்தான்.

அக்கா டீயைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். "எங்க தெருவில இது எங்க இருக்குன்னு அன்னிக்கு எனக்குத் தெரியாதுடா" என்றாள். டீயை முழுசாகக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டு சைக்கிளை எடுத்தாள்.

ஆர்டிங்லி, வாத்துக் குளம் வைத்த லிண்ட்ஃபீல்ட் எல்லாம் வேகமாகத் தாண்டினோம். என் கால்கள் இரண்டும் தனித்தனியாக ராஜினாமாக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தன. 45 மைலுக்கு மேல் ஓட்டி, இனி என்னிடம் எதுவும் மிச்சமில்லை என்று நினைக்கிறபோது அது வந்து நின்றது.

டிச்லிங் பீக்கன்.

சஸெக்ஸ் கடற்கரைக்கு மதில் போல நிற்கிற சவுத் டவுன்ஸ் குன்றுகளில் ஒன்று. 248 மீட்டர் உயரம். நம் கொடைக்கானலுக்கு முன்னால் இது கொசு. ஆனால் ரோடு சுற்றி வளைத்து மரியாதையாக ஏறாமல், கிட்டத்தட்ட ஒரு மைல் தூரத்துக்கு ஏணி சாத்திய மாதிரி ஏறுகிறது. சில வளைவுகளில் நூறடி போனால் பதினாறு அடி உயரம். எதிரி வந்தால் அந்தக் காலத்தில் உச்சியில் தீ மூட்டி அடுத்த ஊருக்குச் சேதி சொல்வார்களாம். 'பீக்கன்' என்ற பெயர் அதனால்தான். 1994-ல் டூர் டி ஃபிரான்ஸ் பந்தயமே இதன் வழியாகப் போயிருக்கிறது. அந்த வீரர்கள் ஏறினார்கள். மற்றபடி நம்மைப் போன்ற குடும்பஸ்தர்களில் பெரும்பாலோர் இறங்கித் தள்ளுகிறார்கள்.

நான் முதல் வளைவிலேயே இறங்கிவிட்டேன். யாழ்ப்பாணத்து அண்ணையின் இருபது பவுண்டு அந்த இடத்தில் கண்ணுக்கு முன்னால் சிறகடித்துப் பறந்து போனதைப் பார்த்தேன். அக்கா இரண்டாவது வளைவு வரை மிதித்தாள். பிறகு அவளும் இறங்கினாள். முன்னாலும் பின்னாலும் நூற்றுக்கணக்கான பேர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு. மரங்கள் மூடிய, குறுகலான பாதை. மூச்சுச் சத்தமும், பல் சக்கரங்களின் டிக்டிக் சத்தமும் தவிர வேறில்லை. திருவண்ணாமலையில் தீபத்தன்று மலை ஏறுகிற கூட்டம் மாதிரிதான் இருந்தது, கோஷம் மட்டும்தான் பாக்கி.

அக்கா எனக்கு நாற்பதடி முன்னால் இருந்தாள். பக்கத்தில் மஞ்சள் பனியன் போட்ட மலை மாதிரி ஓர் ஆள், தள்ளிக்கொண்டே குனிந்து அட்டையைக் காட்டி என்னவோ கேட்டார். எனக்குத் தெரியும் என்ன கேட்டார் என்று. அக்கா வழக்கம்போலத் திரும்பி என்னைத் தேடினாள். நான் கையை ஆட்டினேன். குரல் வரவில்லை. நெஞ்சில் காற்று இருந்தால்தானே குரல் வரும்!

அக்கா கொஞ்ச நேரம் நின்றாள். பின்னால் வந்தவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

பிறகு சொன்னாள்.

எனக்குக் கேட்கவில்லை, உதடு அசைந்தது தெரிந்தது. அந்த ஆள் திருப்பிச் சொன்னார். அக்கா தலையை ஆட்டினாள். தப்பு. மறுபடி சொன்னாள். இந்தத் தடவை கேட்டது. அவர் மறுபடி தப்பாகச் சொன்னார். 'ழ' எங்கே வரும்? நம் ஊர் டி.வி.க்காரர்களுக்கே வரவில்லை. அக்காவுக்குள் எங்கேயோ ஒரு அறிவொளி டீச்சர் ஒளிந்திருந்திருக்க வேண்டும். சைக்கிளை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் நாக்கு எப்படி மடங்க வேண்டும் என்று காட்டி, அந்தச் செங்குத்து மேட்டில் ஓர் இங்கிலீஷ்காரருக்கு ழகரம் நடத்திக்கொண்டிருந்தாள். ஒரு தடவை. இரண்டு தடவை. ஐந்து தடவை. ஒவ்வொரு தடவையும் அத்தான் பெயர். சத்தமாக. இன்னும் சத்தமாக.

ஆறாவது தடவை அவருக்கு வந்துவிட்டது. (யோசித்தால் ஆச்சரியமில்லை. அவர்கள் 'ஆர்' என்று சொல்லும்போது நாக்கு போகிற இடம் நம் ழ-வுக்கு ரொம்பப் பக்கம்.) அந்த ஆள் தலையை அண்ணாந்து, மலை உச்சியைப் பார்த்து, அடிவயிற்றிலிருந்து அந்தப் பெயரைக் கத்தினார் பாருங்கள்! பக்கத்தில் தள்ளிக்கொண்டு வந்த நாலைந்து பேர், என்ன ஏது என்று தெரியாமலே சேர்ந்து கத்தினார்கள். மேலே ஒரு வளைவில் இருந்தவர்கள் பதிலுக்குக் கத்தினார்கள். அவர்கள் உச்சரிப்பில் அது வேறு யாருடைய பெயராகவோ இருந்தது. பரவாயில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா உச்சியில், ஐஸ்க்ரீம் வண்டிக்குப் பக்கத்தில், புல்லில் உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் நாங்கள் வந்த வழியெல்லாம் வயலும் தோப்புமாகக் கிடந்தது. இன்னொரு பக்கம் தூரத்தில் கடல்.

"கேட்டுச்சா?" என்றாள்.

"கேட்டுச்சு."

"ழ நல்லா சொன்னாருல்ல, அந்த ஆளு?"

இரண்டு ஐஸ்க்ரீம் வாங்கினேன்.

*

அங்கிருந்து பிரைட்டன் இறக்கம்தான். மடீரா டிரைவ் என்கிற கடற்கரைச் சாலையில் கோடு போட்டு, இரண்டு பக்கமும் ஜனங்கள் கைதட்ட, உள்ளே போனதும் கழுத்தில் ஒரு மெடல். மெரினா மாதிரி நினைத்துக்கொண்டு கடற்கரையில் செருப்பைக் கழற்றினேன். மணலே கிடையாது, அத்தனையும் கூழாங்கல். 54 மைல் ஓட்டியதைவிட அந்த முப்பது அடி நடந்ததுதான் வலித்தது.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பி.காம். பட்டத்துக்கு அவமானம். அக்கா வசூல் 1,186 பவுண்டு. அதில் டிக் அடித்தவர்கள் கொடுத்தது 940. அதற்கு கிஃப்ட் எய்ட் 235. என் வசூல் 174. ஆகக் கூடுதல் 1,595. திங்கட்கிழமை கடைக்குப் போய், மலையில் இறங்கித் தள்ளியதை அண்ணையிடம் சொன்னேன்.

"ஏறினனாங்கள் எண்டு சொல்லியிருந்தால் எனக்கு ஆர் வந்து சொல்லப்போகினம்?" என்றார். கல்லாவைத் திறந்து இருபது பவுண்டை எடுத்து வைத்தார். "நடந்து ஏறினாலும் மலை மலைதானே." ஆக 1,615. கூடவே ஒரு கட்டு முருங்கைக்காய், அது கணக்கில் வராது.

சீட்டை டேப் சுற்றிய இடத்துக்கு ஏற்றி வைத்தேன்.

ஒன்றை விட்டுவிட்டேன். பிரைட்டனிலிருந்து அன்றைக்கு ரயிலில் சைக்கிள் ஏற்ற விடமாட்டார்கள். இத்தனை ஆயிரம் சைக்கிள் ஏறினால் ரயிலில் மனுஷன் எங்கே உட்காருவது? சைக்கிள்கள் லாரியில், ஆட்கள் பஸ்ஸில் லண்டன் திரும்ப வேண்டும். பஸ்ஸில் உட்கார்ந்ததும் அக்கா அம்மாவுக்கு போன் போட்டாள். ஊரில் அப்போது ராத்திரி பதினொன்றுக்கு மேல். அம்மா தூங்காமல் காத்திருந்தாள்.

"முடிச்சிட்டோம்மா. 54 மைலு."

"மேடு இருந்துச்சா?"

"ஒண்ணு பெருசா இருந்துச்சு. எறங்கித் தள்ளிட்டோம். தம்பிதான் ரொம்பத் திணறிட்டான்."

ஸ்பீக்கரில் அம்மாவின் குரல் பஸ் முழுக்கக் கேட்டது.

"அவனை எதுக்குடி தனியா ஓட்ட விட்ட? முன்னாடி பார்ல தூக்கி வச்சிக்கிட்டுப் போயிருக்க வேண்டியதுதானே!"